குடும்பம் கூடும் நாளுக்கு என்ன சமைத்துக் கொண்டுபோகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறையில் சொந்தபந்தம் எல்லாம் ஒரு வீட்டில் கூடும்போது ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவருவது எங்கள் குடும்பத்தில் பல வருஷமாக நடக்கிறது. யார் எதைக் கொண்டுவருவது என்று பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்ததிலிருந்து, ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள் போனில் வருகின்றன. சித்தி கேட்டதையே மறுநாள் அத்தை மகன் கேட்பான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், கொஞ்சம் யோசிக்க வேண்டியவை பின்னால்.

எனக்குச் சமையல் அவ்வளவாக வராது. வெறுங்கையோடு போகவும் மனசில்லை. என்ன கொண்டுபோகலாம்?

பழம் நறுக்கிக் கொண்டுபோங்கள். எண்ணெயும் மாவும் இறைச்சியுமாக நிறைந்திருக்கும் மேசையில் குளிர்ச்சியான பழத்தட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. தர்பூசணி, அன்னாசி, மாதுளை, ஆரஞ்சு எல்லாம் நறுக்கிச் சில மணி நேரம் ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கும். ஆப்பிளும் பேரிக்காயும் வெட்டின கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும். நறுக்கியதும் எலுமிச்சைச் சாறு பிசறிவிடுங்கள். பழத்தைக் கறுக்கவைக்கும் நொதி புளிப்பில் மந்தமாகிவிடும். வாழைப்பழத்தை மட்டும் அங்கே போய் நறுக்குங்கள்.

ஒரு விஷயம் நினைவில் வையுங்கள். முழுப் பழம் வெளியில் இருக்கலாம், நறுக்கிய பழம் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். போகும் வழியில் ஐஸ் வைத்த பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

கடையில் வாங்கிக் கொண்டுபோனால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களா?

மாட்டார்கள். நல்ல ரொட்டி, நல்ல சீஸ், வறுத்த பருப்பு வகைகள், ஐஸ்கிரீம் இவையெல்லாம் வீட்டில் செய்ய முடியாதவை அல்லது செய்யத் தேவையில்லாதவை. பட்டியலில் நான் எப்போதும் இரண்டு பேருக்கு "வாங்கி வாருங்கள்" என்றுதான் எழுதுவேன். தட்டு, டம்ளர், குடிதண்ணீர், ஐஸ் கட்டி ஆகியவற்றை ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் வீட்டுக்காரருக்குப் பாதிச் சுமை இறங்கிவிடும்.

முன்னாடியே கேட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா? திடீரென்று கொண்டுபோய் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

கேட்டுவிடுங்கள். "என்ன கொண்டுவரட்டும்?" என்று மட்டும் கேட்டால் "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்றுதான் பதில் வரும். அதைவிட, "நான் உருளைக்கிழங்கு சாலட் செய்யலாம் என்று இருக்கிறேன், வேறு யாராவது அதைச் செய்கிறார்களா?" என்று கேளுங்கள். அதற்கு ஆமாம், இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்.

கூடவே இரண்டு கேள்வி. ஃபிரிட்ஜில் ஒரு தட்டு காலியாக இருக்குமா? ஓவனோ அடுப்போ எனக்கு அரை மணி நேரம் கிடைக்குமா? இந்த இரண்டையும் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. ஒருமுறை எங்கள் வீட்டுக் கூடலில் ஐந்து பேர் ஐந்து ட்ரே கொண்டுவந்தார்கள், எல்லாமே ஓவனில் சூடாக்க வேண்டியவை. ஓவன் ஒன்றுதான். சாப்பாடு ஒரு மணிக்கு என்று சொல்லியிருந்தோம், கடைசி ட்ரே வெளியே வரும்போது மூன்று மணி. சமைத்தவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை, ஆனால் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். அந்த நாளுக்கு அப்புறம்தான், பட்டியலில் பதார்த்தத்தின் பெயருக்குப் பக்கத்தில் "சூடாக்கணும்", "அப்படியே வைக்கலாம்" என்று குறிக்க ஆரம்பித்தேன்.

எல்லாருக்கும் பிடிக்கிற பதார்த்தம் என்று ஏதாவது இருக்கிறதா?

எல்லாருக்கும் பிடிப்பது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கூடலில் பாத்திரம் துடைத்துக் காலியாகிற உணவுகளுக்குச் சில பொதுக் குணங்கள் இருக்கின்றன. ஆறினாலும் சுவை குறையாது. கத்தி இல்லாமல் ஒரே கரண்டியில் எடுத்துத் தட்டில் போடலாம். பக்கத்தில் வேறு எதை வைத்தாலும் ஒத்துப்போகும். சின்னப் பிள்ளையும் பல் இல்லாத தாத்தாவும் சாப்பிடலாம்.

அப்படிப் பார்த்தால் அடுக்கிச் சமைத்த பிரியாணி, பாஸ்தாத் தகடும் சாஸும் அடுக்கி ஓவனில் சுடும் லசான்யா, கொண்டைக்கடலை சாலட், கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸ், உருளைக்கிழங்கு சாலட், நீண்ட நேரம் வெந்த இறைச்சி, எண்ணெய் சேர்த்துச் செய்த கேக் இவையெல்லாம் நம்பிக்கையானவை. தோசைக்கல்லில் இருந்து நேராகத் தட்டுக்கு வந்தால்தான் ருசிக்கும் எதையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அது எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி. என்னைக் கேட்டால், கொண்டுபோகும் உணவைச் செய்து இரண்டு மணி நேரம் கழித்துச் சுவைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடலில் மற்றவர்கள் சாப்பிடப்போவது அந்த இரண்டு மணி நேரம் கழிந்த ருசியைத்தான்.

20 பேர் வருகிறார்கள். நான் 20 பேருக்குச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். மேசையில் எட்டுப் பதார்த்தம் இருந்தால் ஒருவர் ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிக்கு மேல் எடுக்க மாட்டார். 20 பேருக்கு, பக்கப் பதார்த்தமாக இருந்தால் 10 பேர் வயிறு நிறையச் சாப்பிடும் அளவு போதும். பிரியாணி மாதிரி முக்கிய உணவாக இருந்தால் 14, 15 பேர் அளவு.

அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். அரிசிச் சோறுதான் முக்கிய உணவு என்றால் ஆளுக்கு 100 கிராம் அரிசி, பல வகைகளுக்கு நடுவில் ஒன்று என்றால் 50 கிராம் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். காய்ந்த பாஸ்தாவுக்கும் அதே கணக்கு சரியாக வரும். 23 செ.மீ. வட்டக் கேக்கைப் 12 துண்டு போடலாம், வேறு இனிப்பும் இருந்தால் 16.

முந்தின நாளே செய்து வைக்கலாமா? காலையில் எழுந்து சமைத்துவிட்டுக் கிளம்ப முடியாது.

சில உணவுகளை முந்தின நாள் செய்தால்தான் நன்றாக இருக்கும். இறைச்சியோ பயறோ மசாலாவோடு மெதுவாக வெந்த குழம்பு அப்படிப்பட்டது. ராத்திரி முழுக்க ஊறும்போது உப்பும் மசாலாவும் உள்ளே இறங்கும். இறைச்சியில் இருக்கும் இணைப்புத் திசு வெந்து ஜெலட்டினாக மாறியிருக்கும், அது குளிர்ந்து மறுபடி சூடாகும்போது குழம்புக்கு ஒரு வழவழப்பு வந்துவிடும். ஃபிரிட்ஜில் இருந்து எடுக்கும்போது மேலே உறைந்து நிற்கும் கொழுப்பையும் அப்படியே கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். கொண்டைக்கடலை சாலட், முட்டைக்கோஸ் சாலட், பழக் கேக், ஹம்மஸ் எல்லாமும் மறுநாளுக்கு ஏற்றவை.

முந்தின நாள் செய்யக் கூடாதவை: பொரித்தது, இலைக்கீரை சாலட், அடித்த கிரீம், தனியாக வேகவைத்த வெள்ளைச் சோறு. சோறு ஃபிரிட்ஜில் இருந்தால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகி, பருக்கை விறைத்துப்போகும். சூடாக்கினால் கொஞ்சம் திரும்பும், முழுக்கத் திரும்பாது.

சோற்றை ராத்திரி வெளியிலேயே வைத்துவிட்டு மறுநாள் நன்றாகச் சூடாக்கினால் போதாதா?

போதாது. இதை மட்டும் யார் கேட்டாலும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். சோறு வேகும் சூட்டில் அந்த வித்துகள் சாகாது. வெளியில் மணிக்கணக்கில் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பார்வையிலும் வாசனையிலும் எந்த வித்தியாசமும் தெரியாது. பிரியாணி, புலாவ், பால் சேர்த்த அரிசிப் பாயசம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பொதுவான கணக்கு இதுதான். சமைத்த எந்த உணவும் 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். வண்டியில் போகும் நேரமும், மேசையில் மூடி திறந்து கிடக்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

ஒரு பெரிய பானைக் குழம்பு. சூடாக ஃபிரிட்ஜில் வைக்கவும் பயம், வெளியில் ஆறவைக்கவும் பயம். என்ன செய்வது?

பானையோடு வைக்காதீர்கள், பிரித்து வையுங்கள். பெரிய பானையின் நடுப்பகுதி ஆற ராத்திரி முழுக்க ஆகலாம். ஐந்து செ.மீ. உயரத்துக்கு மேல் போகாத மாதிரி அகலமான பாத்திரங்களில் ஊற்றுங்கள். அவசரம் என்றால் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் இறக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஆவி அடங்கி வெதுவெதுப்பானதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். முழுதாக ஆறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஒரு மணி நேரம் மூடியை லேசாகத் திறந்து வைத்தால் சூடு சீக்கிரம் போகும்.

எங்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். சூடாகவே கொண்டுபோக வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அரைகுறையாகச் செய்யக் கூடாது. ஹாட் பாக்ஸில் முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு கொட்டிவிட்டு, கொதிநிலையில் இருக்கும் குழம்பை விளிம்புவரை நிரப்புங்கள். உள்ளே காலி இடம் இருந்தால் சூடு சீக்கிரம் இறங்கும். பெட்டியைத் தடித்த துண்டில் சுற்றி ஒரு அட்டைப் பெட்டிக்குள் இறுக்கி வைத்தால் அசையாது. வண்டியின் இருக்கை சாய்வாக இருக்கும், அதனால் கீழே தரையில் வையுங்கள். அங்கே போய்ச் சேரும்போது உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஊசி மாதிரிக் குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தால் சந்தேகமே இல்லை.

அந்த உறுதி இல்லை என்றால் முழுக்க மாற்றி யோசியுங்கள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் குளிராகவே கொண்டுபோய், அங்கே நடுப்பகுதி 74 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள். ஓவன் நெரிசலைப் பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் சூடாக்கக்கூடிய பாத்திரத்தில் கொண்டுபோவது நல்லது.

மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வழியில் சிந்திவிடுகிறது.

பாத்திரத்தின் வாயில் உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்று இழுத்து ஒட்டி, அதற்கு மேல் மூடியைப் போடுங்கள். குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக வைத்து, வேண்டிய சுடுதண்ணீரை அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். பரிமாறும் கரண்டியையும் எடுத்துச் செல்லுங்கள். எட்டுப் பாத்திரத்துக்கு எட்டுக் கரண்டி எந்த வீட்டிலும் இருக்காது.

பொரித்ததை மொறுமொறுப்பாகக் கொண்டுபோக ஏதாவது வழி சொல்லுங்களேன்.

மூடி வைத்தால் ஆவி உள்ளேயே நின்று மேல்தோலை நனைத்துவிடும். மூடாமல் வைத்தால் ஆறிப்போகும். இதற்கு நடுவழி ஒன்றுதான்: கம்பித் தட்டில் பரப்பி முழுதாக ஆறவிட்டு, குளிர்ச்சியாகக் கொண்டுபோய், அங்கே 200 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் துணி மாதிரி ஆகிவிடும். ஓவன் கிடைக்காது என்றால் பொரித்ததை விட்டுவிடுங்கள். மொறுமொறுப்புக்கு ஆசைப்படுபவர்களுக்கு வறுத்த பாதாமும் முந்திரியும் ஒரு டப்பாவில் கொண்டுபோகலாம், அவை ஆறினாலும் அப்படியே இருக்கும்.

சாலட் எப்போதும் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. எங்கே தப்பு?

உப்பில். உப்புப் பட்டதும் காயில் இருக்கும் நீர் வெளியே வரும். வெள்ளரிக்காய், தக்காளி போட்டால் இன்னும் அதிகம். வெள்ளரியை நறுக்கி உப்புப் பிசறி இருபது நிமிடம் வடிகட்டியில் வைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். இலைக்கீரை என்றால் எண்ணெயும் புளிப்பும் கலந்த சாற்றைத் தனிப் பாட்டிலில் கொண்டுபோய்ச் சாப்பிடும் நேரத்தில் கலக்குங்கள்.

முட்டைக்கோஸ், கேரட், கொண்டைக்கடலை, வேகவைத்த பீட்ரூட் இவை சாறு ஊறினால் கெட்டுப்போவதற்குப் பதிலாக ருசி கூடுபவை. கொண்டுபோவதற்கு நான் இவற்றைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலட் சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறார்களே?

கடையில் விற்கும் மயோனைஸில் வினிகரோ எலுமிச்சையோ இருப்பதால் அது புளிப்பானது, பாக்டீரியா சுலபமாக வளராது. கவனிக்க வேண்டியது வெந்த கிழங்கையும் வெந்த முட்டையையும்தான். வீட்டில் பச்சை முட்டை அடித்துச் செய்யும் மயோனைஸைக் கூடலுக்கு வேண்டாம் என்பேன். மற்றபடி மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கு இதற்கும் உண்டு. அகலமான தட்டில் ஐஸ் பரப்பி அதன் மேல் கிண்ணத்தை வைத்தால் மேசையில் நிம்மதியாக இருக்கும்.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த பதார்த்தம். மாவாக உதிராத கிழங்கு இரண்டு கிலோ. தோலோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, உப்புச் சேர்த்து அடுப்பை மூட்டுவேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும்முன் வெளியே குழைந்துவிடும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கியதும் வடித்து, கை பொறுக்கும் சூட்டிலேயே தோல் உரித்து நறுக்கி, நாலு மேசைக்கரண்டி வினிகரை மேலே தெளித்துவிடுவேன். சூடான கிழங்கு அதைப் பஞ்சு மாதிரி குடித்துக்கொள்ளும், ஆறின கிழங்கு குடிக்காது. முழுதாக ஆறினதும்தான் மயோனைஸ். சூட்டில் கலந்தால் பிரிந்து எண்ணெய் கசியும். அப்புறம் பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, மிளகு, கொஞ்சம் கடுகு விழுது. ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்துவிட்டுக் காலையில் ருசி பார்த்தால் உப்புக் குறைவாகத் தெரியும், இன்னொரு சிட்டிகை போட வேண்டியிருக்கும்.

லசான்யா செய்து எடுத்துக்கொண்டு போகலாமா, அங்கே போய்ச் சுடலாமா?

முந்தின நாள் அடுக்கி, சுடாமல் ஃபிரிட்ஜில் வைத்து, அங்கே போய்ச் சுடுவது நல்லது. ஓவன் ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சாஸை வழக்கத்தைவிடத் தளர்வாக வையுங்கள், பாஸ்தா ராத்திரி முழுக்க அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். 190 டிகிரியில், முதல் அரை மணி மூடியும் பிறகு மூடாமலும் வைத்தால் மேலே நிறம் வரும். எடுத்து 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அடுக்கு வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடி ட்ரேயை ஃபிரிட்ஜில் இருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், வெடித்துவிடலாம்.

தக்காளி சாஸின் மேல் அலுமினியத் தாள் நேராகப் பட்டால், அதுவும் ட்ரே எஃகாக இருந்தால், தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். தக்காளியின் புளிப்பும் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்வதுதான் காரணம். நடுவில் பேக்கிங் காகிதம் ஒன்று போட்டுவிடுங்கள்.

இனிப்பில் எது நல்லது? கிரீம் கேக் வழியிலேயே சரிந்துவிடுகிறது.

மேலே பூச்சு தேவைப்படாத கேக். அதிலும் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்தது. வெண்ணெய் குளிரில் இறுகிவிடுவதால் கேக்கும் இறுகியதுபோல் இருக்கும். எண்ணெய் இறுகாது, அதனால் கேரட் கேக், வாழைப்பழக் கேக் மாதிரியானவை மறுநாளும் மிருதுவாக இருக்கும். பழக் கேக்கை ஒரு மாதம் முன்னாடியே செய்து ஊறவைப்பவர்கள் உண்டு.

கரண்டியில் அள்ளிப் போடும் இனிப்பு வேண்டும் என்றால், காபியில் நனைத்த பிஸ்கட்டும் கிரீமும் அடுக்கிச் செய்யும் டிராமிசு. முந்தின ராத்திரி செய்தே ஆக வேண்டிய பதார்த்தம், கொண்டுபோகும் கிண்ணத்திலேயே அடுக்கலாம், சரியாது. ஆனால் பச்சை முட்டை போடும் செய்முறை நிறைய உண்டு. கர்ப்பிணிகள், வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் கூடலுக்கு முட்டையில்லாத செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டுத் தூங்கிவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்தான் ஸ்லோ குக்கர், காய்ந்த ராஜ்மாவை நேராக அதில் போடாதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற இயற்கை நச்சு அதிகம். சரியாக வேகாத ராஜ்மா கொஞ்சம் சாப்பிட்டாலே கடும் வாந்தி வரும். ஸ்லோ குக்கரின் சூடு அந்த நச்சை அழிக்கப் போதாமல் போகலாம், 80 டிகிரிக்குக் கீழே வெந்தால் நச்சு கூடவும் கூடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

ஒருவருக்குக் கடலை ஒவ்வாமை, இருவர் சைவம், ஒருவர் கோதுமை சாப்பிடுவதில்லை. எப்படித்தான் சமாளிப்பது?

எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே பதார்த்தம் தேடினால் தலைவலிதான். அவரவருக்கு மேசையில் இரண்டு பதார்த்தமாவது இருக்கிறதா என்று பட்டியல் போடுபவர் பார்த்துக்கொண்டால் போதும். நீங்கள் செய்ய வேண்டியது, சேர்த்த பொருள் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பாத்திரத்தின் முன்னால் வைப்பது. எண்ணெயின் பெயர்கூட எழுதுங்கள். நிலக்கடலை, மரப்பருப்புகள், எள், பால், முட்டை, கோதுமை, சோயா, மீன், இறால் நண்டு வகை இவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள். ஹம்மஸில் எள் விழுது இருப்பது பலருக்குத் தெரியாது. ஜெல்லியில் இருக்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, சில சீஸ் வகைகளில் பாலைத் திரியவைக்க, கன்றின் இரைப்பையில் இருந்து எடுக்கும் ரென்னட் இருக்கும், சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை இருக்கும்.

ஒவ்வாமை உள்ளவருக்கு "மேலே இருக்கிற முந்திரியை எடுத்துவிட்டுச் சாப்பிடு" என்று சொல்லாதீர்கள். ஒட்டியிருக்கும் துகளே சிலருக்கு மூச்சை அடைத்துவிடும். அவரை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், மற்றவர்களின் கரண்டி அங்கும் இங்கும் மாறுவதற்கு முன்னால்.

கைக்குழந்தைகளும் வருகிறார்கள். எதையாவது தவிர்க்க வேண்டுமா?

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் துளியும் கூடாது, பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். ஐந்து வயதுக்குக் கீழே பாதாம், முந்திரி மாதிரி முழுப் பருப்பு வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், முழுதாகத் தொண்டையில் அடைக்கும். பட்டியல் போடும்போது காரமில்லாத, மிருதுவான ஒரு பதார்த்தத்தைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிடுவேன், பெரியவர்களும் அதைத்தான் தேடி வருவார்கள்.

நான் ஆசையாகச் செய்து கொண்டுபோனதை யாரும் தொடவே இல்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது.

வருத்தம் நியாயம்தான். ஆனால் காரணம் பெரும்பாலும் ருசியாக இருக்காது. வரிசையின் கடைசியில் இருக்கும் பாத்திரத்துக்கு வருவதற்குள் தட்டு நிறைந்திருக்கும். மூடியோடு இருந்தால் திறந்து பார்க்கத் தயங்குவார்கள். வெட்டாத கேக்கை முதலில் வெட்ட யாருக்கும் கை வராது. அடுத்த முறை மூடியைத் திறந்து வையுங்கள், பெயர் எழுதி வையுங்கள், முதல் கரண்டியை நீங்களே எடுத்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தின் அடியில் கொஞ்சமாக இருப்பதைவிடச் சின்னக் கிண்ணத்தில் நிறைவாக இருப்பதைத்தான் கை தேடும்.

மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வது? என் பாத்திரம் திரும்பி வருவதே இல்லை.

பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதிய டேப் ஒட்டுங்கள். அல்லது திரும்ப வேண்டாத டப்பாவில் கொண்டுபோங்கள். மிச்சம் அந்த வீட்டுக்காரருக்கு முதலில், அவர் வேண்டாம் என்றால் மற்றவர்களுக்கு. பிரித்துக் கொடுக்க நாலைந்து காலி டப்பா கொண்டுபோனால் எல்லாரும் வாழ்த்துவார்கள். மேசையில் இரண்டு மணி நேரம் தாண்டியதை மட்டும் யாருக்கும் கட்டிக்கொடுக்காதீர்கள். உடனே ஃபிரிட்ஜில் வைத்தது மூன்று நான்கு நாள் தாங்கும்.

பெரியம்மா ஒவ்வொரு வருஷமும் ரொட்டி புட்டிங் கொண்டுவருவார். இப்போது அவர் இல்லை. அதை நான் செய்யலாமா, மற்றவர்கள் மனம் நோகுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் பெரியம்மாவின் சின்ன மகள். அவர் போன பிறகு இரண்டு வருஷம் அந்த இடத்தில் யாரும் எதையும் வைக்கவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை, அதனால் நெருங்கினவர்கள் நாலு பேரிடம் கேட்டேன். மூன்று பேர் உடனே "செய்யச் சொல்" என்றார்கள். பெரியப்பா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுடைய ட்ரேயிலேயே செய்யட்டும்" என்றார். நீங்களும் அப்படிக் கேட்டுவிடுங்கள். முக்கியமாக, அதிகம் இழந்தவரிடம் கேளுங்கள்.

செய்முறைதான் கஷ்டம், ஏனென்றால் அவர் எதையும் அளந்ததில்லை. மகளுக்குத் தெரிந்தது ஒரு நாள் பழைய ரொட்டி, பால், முட்டை, திராட்சை, ஜாதிக்காய் என்பது மட்டும்தான். மூன்று முறை வீட்டில் செய்துபார்த்து, முட்டைக்குப் பால் எவ்வளவு என்பதைப் பிடித்தாள். அரை லிட்டர் பாலுக்கு மூன்று முட்டை. ரொட்டி அரை மணி ஊறணும், ஓவனில் நடுப்பகுதி லேசாக ஆடும்போதே எடுத்துவிடணும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் அப்படிக் கைக்கணக்கில் சமைப்பவர் இன்னும் இருந்தால், அடுத்த முறை ஒரு தராசோடு பக்கத்தில் நில்லுங்கள். அவரை அளக்கச் சொல்லாதீர்கள், சொன்னால் கை மாறிவிடும். உப்பு டப்பா, சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில் ஒவ்வொன்றையும் அவர் தொடங்கும் முன் ஒருமுறை எடைபோட்டு எழுதுங்கள், முடித்த பிறகு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் போட்ட அளவு. இந்த வருஷம் அத்தையின் ஊறுகாய்க்கு அப்படித்தான் அளவெடுத்தேன். ஒரு கிலோ காய்க்கு உப்பு 140 கிராம் வந்தது, அவர் "ஒரு கை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.